கேரட் ஊரில் ஒரு பூனை

நீலகிரியில் இத்தலார், எமரால்டு பக்கத்துச் சரிவுகளில் தேயிலைக்கு அடுத்தபடி கண்ணில் படுவது மலைக்காய்கறி. அதிலும் கேரட். கேரட் தின்றால் கண்ணுக்கு நல்லது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். நமக்கு நல்லதுதான், வாசலில் கிடக்கும் நாய்க்கும் நல்லதுதான். அடுப்படியில் சுருண்டிருக்கும் பூனைக்கோ மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் அந்தப் பலன் கிடையாது.

கேரட்டில் வைட்டமின் ஏ நேரடியாக இல்லை. இருப்பது பீட்டா கரோட்டின். அதை வெட்டி வைட்டமின் ஏ ஆக்கும் நொதி நம் குடலில் இருக்கிறது, நாய்க்கும் இருக்கிறது. பூனைக்கு அந்தத் திறன் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஈரல், முட்டை, மீன் என்று வேறொரு விலங்கின் உடலில் தயாரான வைட்டமின் ஏதான் அதற்கு வேண்டும்.

பூனை இழந்தது இது ஒன்றை மட்டுமல்ல. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நியாசின் என்ற வைட்டமினைத் தயாரிக்க அதனால் முடியாது. தாவர எண்ணெயிலிருந்து அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் போதுமான அளவு உண்டாக்கவும் முடியாது. காரணம், அதன் முன்னோர்கள் எலியையும் பறவையையும் தின்றே வாழ்ந்தவர்கள். தானியத்தைத் தின்று, வேண்டியதையெல்லாம் தயாரித்து, உடம்பில் சேர்த்து வைத்திருந்தது அந்த எலி. அரைத்த மாவு தினமும் கடையில் கிடைக்கும்போது ஆட்டுக்கல்லை யார் கட்டிக் காப்பார்கள்?

இந்த இழப்புகளில் என்னை அதிகம் வியக்க வைப்பது அர்ஜினைன். புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு, ஈரல் அதை யூரியாவாக மாற்றி, வெளியேற வழிசெய்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் சுழற்சி ஓட அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் தேவை. நம் உடல் அதை ஓரளவு தானே செய்துகொள்ளும். பூனையால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. 1978இல் கலிஃபோர்னியாவில் மாரிஸ், ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், இரவு பட்டினியாக இருந்த பூனைகளுக்கு அர்ஜினைன் இல்லாத ஒரே ஒரு வேளை உணவு கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியா ஏறி அவை நோயுற்றன. ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு சத்து விடுபட்டதற்கு இவ்வளவு! இறைச்சி, மீன், முட்டை எல்லாவற்றிலும் அர்ஜினைன் இருப்பதால் வீட்டில் இந்த விபரீதம் நேராது.

வீட்டில் நேரக்கூடியது டாரின் என்ற சத்தின் குறைவு. தாவரங்களில் டாரின் கிட்டத்தட்ட இல்லை. அது குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்று 1975இல் தெரிந்தது; இதயம் வீங்கித் தளர்கிறது என்று 1987இல் தெரிந்தது. இரண்டும் மெதுவாக நடப்பவை, மாதக்கணக்கில், வருடக்கணக்கில். பால்சோறு தின்றே எங்கள் பூனை கொழுகொழுவென்று இருக்கிறதே என்பார்கள். அதன் ராத்திரி வேட்டையை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. உருளைக்கிழங்குத் தோட்டத்து எலிதான் இத்தலார்ப் பூனையின் டாரின் மாத்திரை. எலியைக் கண்ணாலும் காணாத சென்னை அடுக்ககப் பூனைக்கு அந்த வசதி இல்லை. மீனையோ கோழியையோ தண்ணீரில் வேகவைத்தால் டாரினில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அந்தச் சாற்றைக் கீழே ஊற்றாமல் சேர்த்தே வைக்க வேண்டும். பூனையைச் சைவமாக்க முயல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நாயின் கதை வேறு. மனிதனோடு ஒட்டியதில் அதற்கு ஒரு லாபம் கிடைத்தது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான் உண்டு. நாய்களிடம் 4 முதல் 30 வரை காணப்படுவதாக 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆகவே களியும் சோறும் நாய்க்குச் செரிக்கும். செரிப்பது வேறு, போதுவது வேறு. 10 கிலோ நாய்க்கு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உறைபனி விழும் மாதங்களில் வெளியே படுக்கும் நாய்க்கு இன்னும் கூடும். அந்த 600 கலோரியும் வெறும் சோற்றிலிருந்து வந்தால் புரதம் 12, 13 கிராம்தான் தேறும். தேவையோ அதைப்போல் இரு மடங்கு. இரண்டு முட்டை சேர்த்தால் புரதக் கணக்கு நேராகிவிடும். கால்சியத்தில்தான் பெரிய துண்டு விழுகிறது. எலும்பு நீக்கிய கறியிலும் அது மிகக் குறைவு என்பதால், தினமும் கறி போடுகிறவர்கள்கூட வளரும் குட்டியின் எலும்பை வளைத்துவிடுகிறார்கள். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. வேகவைத்துப் பொடித்து, அளவாகக் கலக்கலாம்.

உணவும் உடலும் பற்றிய இந்த விசாரணைக்கு நீலகிரியிலேயே ஒரு முகவரி உண்டு. நாய்க்கடிக்கு மருந்து செய்யவென்று 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், 1918இல் ஓர் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி என்ற சத்துக்குறை நோய் பற்றிய ஆய்வை ஆரம்பித்தார். பின்னர் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், காய்கறி என்ற சீக்கியர் சாப்பாடு தின்றவை நன்றாக வளர்ந்தன. வரிசையில் கடைசி, அரிசியை நம்பிய மதராசிச் சாப்பாடு! மெக்காரிசன் தொடங்கிய அந்த ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அங்கே 1960களில் சோளத்தையே முக்கிய உணவாகத் தின்ற நாய்களுக்குக் கருநாக்கு நோய் வந்தது. தக்காணத்தில் சோளம் தின்று வாழ்ந்த ஏழைகளைப் பிடித்த பெலக்ரா நோயின் நாய் வடிவம் அது. இரண்டுக்கும் மருந்து நியாசின்.

சத்து மட்டுமல்ல, நஞ்சும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மலைப்பூண்டும் வெங்காயமும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும். பூனைக்கு இன்னும் சீக்கிரம். மிஞ்சிய சாம்பார் சோற்றை வைக்குமுன் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஊட்டி சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினைக் கழிக்க நாயின் உடல் நம்மைவிட வெகுநேரம் எடுத்துக்கொள்கிறது. பாதியைக் கழிக்கவே சுமார் 17 மணி நேரம். அதற்குள் இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம். கருப்புச் சாக்லேட் என்றால் ஆபத்து அதிகம்.

அந்தச் சாக்லேட் பூனைக்கும் நஞ்சுதான். ஆனால் பூனை அதை அநேகமாக முகர்ந்துவிட்டுப் போய்விடும். இனிப்பை உணரும் மரபணுக்களில் ஒன்று பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். தோட்டத்துக்கு வந்து போகும் சிறுத்தைக்கும் இதே கதைதான். டீக்கடை வர்க்கிக்கு நாய் வாலாட்டுவது இனிப்புக்காகவும் இருக்கலாம். பூனை அதை நக்கினால், கொழுப்புக்காக மட்டுமே.