வீட்டிலிருந்தே சங்கக் கணினியை நிர்வகிக்கலாமா?

அண்மையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பொதுச்சபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "கணக்குக் கணினி இங்கே சங்கத்தில் இருக்கிறது. அதை நடத்துகிற தம்பியோ மணவாள நகரில் தம் வீட்டில் இருக்கிறார். பெட்டி ஓரிடம், சாவி ஓரிடம் என்றால் எங்கள் கூலிக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். சிலர் நகைத்தனர். ஆனால் அது நகைத்துத் தள்ளத்தக்க கேள்வியன்று. அன்று சுருக்கமாகவே விடை கூற முடிந்தது; அதனை இங்கே விரித்துரைக்கின்றோம்.

1904-ஆம் ஆண்டில், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அந்த ஆண்டிலேயே, நம் திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அக்காலத்தில் பேரேடும் இரும்புப் பெட்டியும் அங்கத்தினரின் கண்ணெதிரே இருந்தன. இன்று நிலை வேறு. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டமும், தொலைவிலுள்ள கணினிகளில் இயங்கும் பொது மென்பொருளையே அடிப்படையாகக் கொண்டது. ஆகவே இக்கேள்வி நெசவாளருக்கு மட்டுமன்றி, விவசாயிகளுக்கும் உரியதே.

முதலில் கணினியின் அமைப்பைக் காண்போம். பெரிய கிடங்கு ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். அதனைத் தடுத்து நூலுக்கு ஓர் அறை, சாயத்திற்கு ஓர் அறை, துணிக்கு ஓர் அறை என அமைத்து, ஒவ்வொன்றிற்கும் தனிப்பூட்டு இடுகிறோம். அதுபோலவே, சர்வர் எனப்படும் ஒரே பெரிய கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை அமைக்கலாம். ஒன்றில் கூலிக் கணக்கு, மற்றொன்றில் விற்பனைக் கணக்கு, மூன்றாவதில் புதிய மென்பொருளின் சோதனை. எந்த அறைக்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு சேமிப்பிடம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் கிடங்குக் காவலரைப் போன்ற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இம்முறை புதியதன்று, ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெருங்கணினிகளுக்கென வி.எம்./370 என்னும் ஏற்பாட்டை அறிவித்தது. 2007 முதல் லினக்ஸ் இயங்குதளத்திலேயே கே.வி.எம். என்னும் இவ்வசதி சேர்ந்துவிட்டபடியால், சிறு சங்கங்களுக்கும் இது எட்டும் பொருளாயிற்று.

இனி, வீட்டிலிருந்து நிர்வகிக்கும் வகை. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணினி வலையில் கடவுச்சொற்கள் களவு போயின. அதனைக் கண்ட தாத்து யூலனென் என்பவர் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பு முறையை வகுத்தார். இம்முறையில் வீட்டுக்கும் சர்வருக்கும் இடையே செல்லும் செய்தி முழுவதும் மறையெழுத்தாக மாறிவிடும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பும் பயன்படுத்தலாம். பூட்டு சர்வரில் தொங்கும்; சாவி நிர்வகிப்பவரிடம் இருக்கும். பூட்டைக் கண்டவர் அதைக் கொண்டு சாவி செய்துவிட இயலாது. ஆதலால் கடவுச்சொல்லை விடச் சாவியே மேல்.

ஆனால் ஹைப்பர்வைசரின் வாயிலை இணையத்தின் நடுத்தெருவில் திறந்து வைத்தல் ஆகாது. வி.பி.என். என்னும் தனிவழி அமைத்து, அவ்வழியே வருவோரை மட்டும் அனுமதித்தல் வேண்டும். வி.எம்.வேர் நிறுவனம் தன் ஹைப்பர்வைசரில் இருந்த குறை ஒன்றுக்கு 2021 பிப்ரவரியில் திருத்தம் வெளியிட்டது. அத்திருத்தத்தை இடாமல், இணையத்துக்கு நேரே திறந்துகிடந்த சர்வர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் 2023 பிப்ரவரியில் தாக்குண்டன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டனர் கயவர். காவலர் வசப்பட்டால் கிடங்கின் எல்லா அறைகளும் வசப்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு மயக்கமும் உண்டு. மாற்றம் செய்யுமுன் மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையை 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வைப்பர்; மாற்றம் பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இது நல்ல வசதியே. ஆயினும் காப்புப் பிரதியாகாது. அதுவும் பெரும்பாலும் அதே வட்டிலேயே இருப்பதால், வட்டு கெட்டால் இரண்டும் கெடும். கணக்கிற்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் மாவட்டத்தைத் தாக்கிய நாட்களை யாரும் மறந்திரார். சாலையில் நீர் நிற்கும் நாளில் மணவாள நகர் வீட்டிலிருந்தபடியே கூலிக் கணக்கை நடத்த முடிவது பெரும் நன்மை. எனினும் மின்சாரமும் இணையமும் ஒருங்கே நின்றால் வீட்டிலிருப்பவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே கூலிப் பட்டியலின் அச்சுப் பிரதி வாரந்தோறும் சங்கத்தில் இருக்க வேண்டும். சர்வரை முறைப்படி நிறுத்தவும் தொடங்கவும் அறிந்த ஒருவர் உள்ளூரிலேயே இருக்க வேண்டும்.

இவையெல்லாம் இருந்தும் ஒன்று தவறினால் பயனில்லை. நாம் பார்வையிட்ட மற்றொரு சங்கத்தில் சர்வரை நிர்வகித்தவர் வேறு வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். அவர் குற்றம் ஏதும் செய்தவரல்லர். ஆனால் சாவிக் கோப்பு அவருடைய கணினியிலும், உறுதிக்குறி வரும் கைப்பேசி எண் அவர் பெயரிலுமாக இருந்தன. அவரைக் கண்டுபிடித்து அழைத்துவரும் வரை கூலி நாள் இருமுறை தள்ளிப்போயிற்று. பாவு ஓட்டிய கைகள் வெறுங்கையாய்த் திரும்பியதை நாம் நேரில் கண்டோம். இயந்திரம் பழுதாகவில்லை, நிர்வாகந்தான் பழுதாயிற்று.

இரும்புப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டிட்டு, இருவர் கையில் சாவி கொடுப்பது நாம் அறிந்த வழக்கமே. அதே ஒழுங்கு இங்கும் வேண்டும். உறுதிக்குறி வரும் எண் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். தனித்தனிச் சாவியுடன் இருவர் இருக்கட்டும். அவசரச் சாவி ஒன்று முத்திரையிட்ட உறையில் சங்கப் பெட்டியில் இருக்கட்டும். பணியை விட்டுச் செல்பவரின் சாவியை அன்றே நீக்கி, அதனை நிர்வாக சபையின் தீர்மானப் புத்தகத்தில் பதியட்டும். யார், எப்போது உள்ளே வந்தார் என்று சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவேட்டை மாதந்தோறும் காரியதரிசி பார்வையிட்டுக் கையொப்பமிடட்டும்.

ஆகவே, வீட்டிலிருந்து நிர்வகிக்கலாமா என்றால், தாராளமாக நிர்வகிக்கலாம். கைதான் வீட்டில் இருக்கலாம், பொறுப்பு சங்கத்தில் இருக்க வேண்டும் என்பதே நம் விடை. அங்கத்தினர்கள் அடுத்த பொதுச்சபையில் இரண்டு கேள்விகள் கேட்பார்களாக: சாவி யார் யாரிடம் இருக்கிறது? காப்புப் பிரதியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்த கடைசித் தேதி எது? இவ்விரண்டிற்கும் நிர்வாக சபை தயங்காமல் விடை கூறுமாயின், அம்முதியவரின் கூலிக்குப் பொறுப்பு யார் என்ற ஐயத்திற்கும் விடை கிடைத்ததாகக் கொள்ளலாம்.