அந்த எண்ணை யார் பார்க்கிறார்கள்?

கொரோனா இரண்டாம் அலையில் அலைந்து திரிந்து வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது டாக்டர்கள் சிஓபிடி என்று சொல்லும் நோய் உள்ளவர்களுக்கு, அதே கருவியை வைத்து இப்போது ‘வீட்டுக் கண்காணிப்பு’ என்று மாதக் கட்டணத்தில் ஒரு சேவை வருகிறது. காலையும் மாலையும் விரலில் மாட்டி, காட்டும் எண்ணைச் செயலியில் ஏற்றினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன், அந்த ‘நாங்கள்’ யார் என்று கேட்டுவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு எண் சரிந்தால் அதைப் பார்க்க அங்கே ஆள் இருக்கிறாரா? அவர் நர்ஸா, டாக்டரா, வெறும் கால் சென்டர் ஊழியரா? பார்த்தபின் என்ன செய்வார்?

இதைச் சந்தேகப் புத்தியில் கேட்கச் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் 256 சிஓபிடி நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஒரு பிரிவினர் தங்கள் அறிகுறிகளையும் ஆக்ஸிஜன் அளவையும் வீட்டிலிருந்தே தினமும் அனுப்பினார்கள். இன்னொரு பிரிவுக்குக் கருவி இல்லை, ஆனால் மருத்துவக் கவனிப்பு அதேதான். மருத்துவமனையில் சேரும் நாள் கருவி வைத்திருந்தவர்களுக்குத் தள்ளிப்போகவில்லை. நோயாளியைத் தாங்குவது கவனிப்புதான். ஆளில்லாத செயலிக்குக் கட்டும் பணத்தை இன்ஹேலருக்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

அடுத்தது அந்த எண். கொரோனா காலத்தில் ‘94-க்குக் கீழே போனால் ஆபத்து’ என்று நம் மனதில் பதிந்துவிட்டது. சிஓபிடி முற்றியவர்கள் பலருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வீட்டில் 90-ஐப் பார்த்துப் பதறி, ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரின் திருகைக் கூட்டிவிடுகிறார்கள். எண் ஏறும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அதிக ஆக்ஸிஜனால் உள்ளே கரியமில வாயு ஏறுவதை ஆக்ஸிமீட்டர் காட்டாது. காலையில் தலைவலி, இயல்புக்கு மாறான தூக்கம், பேச்சில் குழப்பம் என்று அது வெளியே தெரியவரும். அதனால், ‘இவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும், எத்தனை லிட்டர் வைக்க வேண்டும், எதற்குக் கீழே போனால் 108-ஐக் கூப்பிட வேண்டும்’ என்று டாக்டரிடமே எழுதி வாங்கிக் கான்சன்ட்ரேட்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். எண் நன்றாக இருந்தும் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், எண்ணை நம்பாதீர்கள்.

கருவியும் பிசகும். விரல் சில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால், கை ஆடினால் தப்பாகக் காட்டும். தோல் நிறமும் ஒரு காரணம். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் ரத்தப் பரிசோதனையில் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பினத்தவரில் சுமார் 12 சதவீதம், வெள்ளையரில் 4 சதவீதத்துக்கும் குறைவு. நம்மில் பெரும்பாலோரின் நிறத்துக்கு இதை அமெரிக்கச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைச் சூடாக்கி, எண் நிலைத்தபின் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் எண்ணைவிட, அது வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே முக்கியம்.

கான்சன்ட்ரேட்டர் ஓடும் அறையில் பீடியும் விளக்கும் கூடவே கூடாது. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும், மாற்று சிலிண்டரையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தருவது கொஞ்சமல்ல. 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, போன் வழியாகப் பார்க்கும் டாக்டர் தன் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் போட வேண்டும்; எந்தக் கட்டத்திலும் ‘நேரில் பார்க்கிறேன்’ என்று நீங்கள் சொல்லலாம். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-லிருந்தே உள்ள விதி. ஆக்ஸிமீட்டர் பெட்டியில் தயாரிப்பு அல்லது இறக்குமதி உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மூச்சுக் கணக்கு செயலி வழியாக வேறு யாருக்கும் போகிறதா என்பதும் கேட்க வேண்டியதே. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, பல பிரிவுகள் நடைமுறைக்கு வர அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஆகவே இப்போதைக்கு எழுத்தில் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

பணம் வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டால் அது நுகர்வோர் சட்டத்தில் சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீரவில்லை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும். எங்கே போனாலும் ரசீதும், எண்ணை அனுப்பிய நேரமும், அவர்கள் பதில் சொன்ன நேரமும்தான் சாட்சி. சந்தா முடிந்தால் செயலியில் பழைய பதிவுகள் திறக்காமல் போகலாம் என்பதால், வாரம் ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.