கடல் சேறு சொன்ன மழைக் கதை

சேறு பேசுமா?

பேசும்! கடலுக்கு அடியில் கிடக்கும் சேறு, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெய்த மழையின் கதையைச் சொல்லும். அப்போது கடலின் மேல்தண்ணீர் எவ்வளவு உப்பாக இருந்தது என்பதையும் சொல்லும்!

அப்படிச் சேறு அள்ளிய கப்பல் ஒன்று, ராயபுரத்தை அடுத்துள்ள சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது.

எரிவாயு தேடிய கப்பல்

கப்பலின் பெயர் ஜாய்டீஸ் ரெசல்யூஷன். 2006-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி மும்பையில் புறப்பட்டது. 21 இடங்களில் கடலடியைத் துளைத்தது. ஆகஸ்டு 19-ந் தேதி சென்னையில் பயணத்தை முடித்தது.

அது மழைக் கதை தேடிப் போகவில்லை. கடலடியில் பனிக்கட்டி போல உறைந்து கிடக்கும் எரிவாயுவைத் தேடி, இந்திய அரசுக்காகப் போனது.

கோதாவரி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அப்பால், சுமார் 1,270 மீட்டர் ஆழத்திலும் சேறு எடுத்தார்கள். அந்தச் சேறுதான் மழைக் கதையைச் சொன்னது!

குத்தூசி போல

அரிசி மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளே உள்ள அரிசியை எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? அதுபோலத்தான் நீண்ட குழாயைக் கடலடியில் செருகுகிறார்கள். குழாய்க்குள் சேறு அடுக்குக் குலையாமல் ஏறிவிடும்.

மேலே இருப்பது புதிய சேறு. கீழே போகப் போகப் பழைய சேறு.

கடுகை விடச் சிறிய கிளிஞ்சல்

அந்தச் சேற்றில் மிகச் சிறிய ஓடுகள் இருக்கின்றன. கடுகை விடச் சிறியவை! கடலின் மேல்தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் அவை. உயிர் போனதும் ஓடு அடியில் போய்ச் சேரும்.

தான் வாழ்ந்த தண்ணீரில் இருந்துதான் அந்த உயிர் ஓடு கட்டுகிறது. அந்த ஓட்டில் பிராணவாயு இருக்கிறது. பிராணவாயுவில் கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. மழைத் தண்ணீரில் கனமானது குறைவு.

கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால், எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீரின் உப்பு குறைந்துவிடும். கோதாவரியிலும் அப்படித்தான். நல்ல மழை பெய்தால் கடலின் மேல்தண்ணீரில் உப்பு குறையும். ஓட்டில் கனமான பிராணவாயுவும் குறையும். மழை பொய்த்தால் இரண்டும் கூடும்.

ஓடு எந்தக் காலத்தது? அதிலுள்ள ஒருவகைக் கரிப்பொருள், நாளாக ஆகத் தேய்ந்துகொண்டே வரும். மிச்சம் எவ்வளவு என்று அளந்து வயதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஆறு அடித்து வந்த செடிகளின் மெழுகும் சேற்றில் உண்டு. அந்த மெழுகு, கரையில் எந்த வகைச் செடி வளர்ந்தது என்று காட்டிக்கொடுக்கும்.

மழை மாறியது

கமிலோ பாண்டன், லிவியு ஜியோசன் முதலிய விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள்.

சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு தென்னாட்டில் வறட்சி தலைகாட்டியது. வறட்சி தாங்கும் செடிகள் பெருகின. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை இன்னும் மோசமாகியது. கடலின் உப்பு சில காலங்களில் மிகவும் ஏறியிருக்கிறது. மழை நம்ப முடியாததாகிவிட்டது. ஒரு காலம் கொட்டும். ஒரு காலம் ஏமாற்றும்!

மக்கள் என்ன செய்தார்கள்? ஏரி வெட்டினார்கள்! வந்த மழையைத் தேக்கினார்கள். தென்னாட்டில் ஏரி, குளங்கள் வேகமாகப் பெருகியதற்கு இந்த நிலையற்ற மழை ஒரு காரணமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

நமக்கு என்ன?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது! இடையில் நான்கே ஆண்டுகள்!

கொட்டுகிற ஆண்டில் சேர்த்தால்தான் பொய்க்கிற ஆண்டில் குடிக்கலாம். ஏரியைத் தூர்த்து வீடு கட்டுகிறவர்கள், வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் சேர்த்தே கதவைத் திறந்து வைக்கிறார்கள்.