பார்வை மறைந்தபின்னும் ஓயாத கை

உடற்பேறு குறைந்த மாணவரை ஓவிய வகுப்பில் ஓரமாய் அமர்த்துவது பரிவு ஆகாது. வங்க ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜியின் (1904–1980) வாழ்வில் இவ்வுண்மையைக் காண்கிறோம்.

பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை. மறு கண்ணிலும் மங்கிய பார்வையே. ஆயினும் சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடம் ஓவியம் பயின்றார். 1946–47இல் அங்குள்ள இந்தி பவனச் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வைத் தீட்டினார். 1950களின் பிற்பகுதியில், கண் அறுவை சிகிச்சை பலனளிக்காமல், எஞ்சிய பார்வையும் போயிற்று. அதன்பின் விரல்களால் தடவியறிந்து வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டினார். 1972இல் கலாபவனத்தில் பீங்கான் ஓடுகளால் சுவரோவியமும் அமைத்தார். அவ்வாண்டே அவருடைய மாணவர் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

தூரிகை பயன்படாதபோது அவர் கருவியை மாற்றினார், கலையைக் கைவிடவில்லை. ஈப்போ நகரப் பள்ளியாயினும் தோட்டப்புறப் பள்ளியாயினும், மாணவருக்கு ஏற்ற கருவியைத் தேடித் தருவது ஆசிரியராகிய நம் கடமை.