பெங்களூருவின் மாடித் தோட்டங்கள்

தமிழ்நாட்டுக் காய்கறி அங்காடிகளில் சவ்சவ் என்றும், பெங்களூர்க் கத்தரிக்காய் என்றும் இரு பெயர்களால் வழங்கும் காய் ஒன்று உண்டு. அதன் தாயகம் மெக்சிகோவை ஒட்டிய பகுதி. நாம் அதற்குப் பெங்களூருவின் பெயரைச் சூட்டினோம். பெங்களூருவாசிகளோ அதனைச் 'சீமெ பதனெகாயி', அதாவது சீமைக் கத்தரிக்காய் என்று அழைத்துக் கடல்கடந்த நாட்டுக்கே உரியதாக்கிவிட்டனர். எந்த ஊரும் தன்னுடையது என்று உரிமை கொண்டாடாத அக்கொடி, நட்ட இடத்தில் பந்தலேறிக் காய்க்கிறது. பிழைப்பை முன்னிட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றோருக்கு அதன்மீது சற்றுப் பரிவு உண்டாவது இயல்பே.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுள் பலர் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள். காலடி மண் சொந்தமில்லாதவர்களுக்குத் தோட்டம் எதற்கு என்று அவர்கள் கருதக்கூடும். அக்கருத்தை மாற்றிக் கொள்ளப் பெங்களூரு மாநகரம் நல்ல இடம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊராதலின், வெயிலின் கடுமை குறைவு. செம்மண் வளம் உண்டு. இரு பருவ மழையிலும் ஓரளவு பங்கு கிடைக்கிறது. 1760ஆம் ஆண்டில் ஐதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டமும், அதனுள் 1889இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையும், குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி அங்கு நடைபெறும் மலர்க் கண்காட்சிகளும் யாவரும் அறிந்தவை. அக்கண்காட்சிகளின்போது இல்லத்தரசிகளும் மாணவர்களும் பூ அடுக்கும் கலையிலும், காய்கறிகளில் உருவம் செதுக்குவதிலும், குறுமரம் வளர்ப்பதிலும் போட்டியிடுவதைக் காணலாம்.

அவ்வளவாக வெளியில் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. இந்நகரின் காய்கறித் தோட்டங்களையும் பூந்தோட்டங்களையும் தலைமுறை தலைமுறையாகப் பேணியவர்கள் திகளர் எனப்படும் சமூகத்தார். அவர்களுடைய முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழிச் செய்தி. அவர்களுள் பலருடைய வீட்டுப் பேச்சில் தமிழ் இன்றும் கலந்து ஒலிக்கிறது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, தர்மராய சுவாமி கோவிலிலிருந்து திரௌபதியின் கரகம் புறப்படும் பெருவிழா அவர்களுக்கு உரியது. அவர்களுடைய தோட்டங்கள் ஏரிகளை நம்பி இருந்தன. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. தர்மாம்புதி ஏரியின்மீது பேருந்து நிலையம் எழுந்துவிட்டது. ஏரி போயிற்று, பின்னாலேயே தோட்டமும் போயிற்று. தரையில் இடம் இழந்த தோட்டம் இன்று மாடிக்கு ஏறியிருக்கிறது.

இவ்வேற்றத்திற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் பூச்சியியல் அறிஞரான டாக்டர் பி. என். விசுவநாத். 1995ஆம் ஆண்டு முதல் அவர் நகரவாசிகளுக்கு மாடித் தோட்டப் பயிற்சி அளித்து வந்தார். 2011இல் 'ஊட்ட ஃபிரம் யுவர் தோட்ட' என்னும் கூடுகை தொடங்கியது. கன்னடத்தில் ஊட்ட என்பது உணவு. தோட்ட என்பது தோட்டம். பாதி கன்னடமும் பாதி ஆங்கிலமுமான இப்பெயரை 'உம் தோட்டத்திலிருந்தே உணவு' எனத் தமிழாக்கலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதில் எதுகை போய்விட்டதே என்ற குறை மட்டும் உண்டு. இத்தகைய கூடுகைகளில் விதை, நாற்று, மண்கலம், வீட்டில் செய்த சோப்பு, பற்பொடி முதலியன கைமாறுகின்றன. விலைக்கு விற்பாரும் உளர். ஆயினும் கூட்டம் கூடுவது பெரும்பாலும் ஒருவரையொருவர் வினவித் தெரிந்து கொள்ளும் மூலைகளில்தான்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை நகரத்திற்கு உணர்த்தியது அதன் குப்பை. பல ஆண்டுகள் பெங்களூருவின் கழிவு வடக்கே மாவள்ளிபுரா, கிழக்கே மண்டூர் ஆகிய கிராமங்களில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டது. கிணற்று நீர் கெட்டது, ஈ மொய்த்தது, நோய் பெருகியது என்று அவ்வூரார் முறையிட்டனர். 2012இல் மாவள்ளிபுராவில் கொட்டுவது நின்றபோது நகரத் தெருக்களிலேயே குப்பை மலைபோல் குவிந்தது. சுமை முழுவதும் மண்டூரின் மேல் விழ, அவ்வூராரும் போராடி 2014இல் அதனை நிறுத்தினர். நாம் அரிந்து எறியும் தோலும் காம்பும் இன்னொருவர் குடிநீரில் போய்ச் சேர்கின்றன என்பதை அந்நாட்களில்தான் நம்மில் பலர் முதன்முதலாக எண்ணிப் பார்த்தோம். இந்திய வீடுகளின் கழிவில் ஏறத்தாழ பாதிக்கு மேற்பட்டது அழுகக்கூடிய சமையற்கட்டுக் கழிவே. அதனை வீட்டிலேயே எருவாக்கினால், லாரியில் ஏறும் சுமை அந்த அளவுக்குக் குறையும்.

வடிவமைப்பாளர் பூனம் பீர் கஸ்தூரி 2006இல் தொடங்கிய நிறுவனம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சுடுமண் கலங்களை இதற்கென வகுத்தது. கம்பா என்பது அவ்வடுக்கின் பெயர். அதனை வாங்க வேண்டும் என்பதில்லை. பக்கங்களில் துளையிட்ட பழைய மண்பானையே போதும்.

பானை போதும், முறை தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் நேரிலேயே கண்டோம். முதல் மாதம் சோறு, பழத்தோல், கீரைத்தண்டு எல்லாவற்றையும் அப்படியே பானையில் இட்டு மூடி வைத்தோம். பத்தாம் நாள் எழுந்த நாற்றத்தால் வீட்டுச் சொந்தக்காரர் மாடிக்கு வந்துவிட்டார். 'தோட்டம் வேண்டுமா, வீடு வேண்டுமா?' என்பதே அவர் கேட்ட கேள்வி. நம்மைக் காத்தவர் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார். தெருவில் உதிர்ந்த சருகைக் கோணியில் அள்ளி வந்து பானையில் கொட்டி, கோலால் கிளறிவிட்டுப் போனார். மூன்றே நாளில் நாற்றம் அடங்கியது.

காரணம் எளிது. கழிவை எருவாக்குபவை கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரி இருந்தால் அவை செவ்வனே செயற்படும். சமையற்கட்டுக் கழிவில் நைட்ரஜனும் நீரும் மிகுதி; சருகில், தென்னை நார்க்கழிவில், மரத்தூளில் கரி மிகுதி. ஈரக் கழிவே நிறைந்தால் காற்று புகாது. காற்றின்றி வாழும் வேறு நுண்ணுயிர்கள் பெருகும். நாற்றம் அவற்றின் வேலை. ஆகவே ஒரு கை கழிவுக்கு ஒன்றிரண்டு கை சருகு சேர்த்து, வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் ஈரமே அளவு. எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். புழு கண்டு அஞ்ச வேண்டாம். அதுவும் கூலி வாங்காத ஆள்தான். இரண்டு மூன்று மாதத்தில் மழை பெய்த மண்போல் மணக்கும் கரிய எரு கிடைக்கும். செம்மண், எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சமமாகக் கலந்து தொட்டியில் நிரப்பலாம். நனைந்த மண் ஒரு கன அடி 45 கிலோகிராமுக்குக் குறையாது எடையிருக்கும். ஆதலால் பெருந்தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், உத்தரமும் தூணும் தாங்கும் ஓரங்களில் வைத்தல் நலம். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிட்டால் கொசு முட்டையிடும் என்பதையும் மறக்கலாகாது.

கன்னட அம்மையாருடன் பழகப் பழக, மொழிகளைப் பற்றிய ஓர் உண்மையும் புலனாயிற்று. நம் சொல்லின் முதலில் உள்ள பகரம் அவர்கள் வாயில் ஹகரமாகிறது. பூ அங்கே ஹூ, புளி ஹுளி, பாகல் ஹாகல, பீர்க்கு ஹீரே. இவ்வொரு விதியைக் கைக்கொண்டே காய்கறிச் சந்தையைப் பாதி கடந்துவிடலாம். நூல்களில் முன்னரே படித்த விதிதான். கொடியில் தொங்கக் கண்டபோது அது தந்த மகிழ்ச்சி வேறு.

பீர்க்கின் பயன் உணவோடு முடிவதில்லை. ஒரு காயை மட்டும் பறிக்காமல் கொடியிலேயே முற்றிக் காயவிட வேண்டும். தோல் பழுப்பேறி, குலுக்கினால் விதை சலசலக்கும் நிலையில் எடுத்து நீரில் ஊறவைத்து உரித்தால், உள்ளே வலைபோன்ற நார்க்கூடு கிடைக்கும். உடல் தேய்க்கவும் பாத்திரம் துலக்கவும் உகந்தது. தேய்ந்தபின் எருப்பானையில் இட்டால் அதுவும் மண்ணாகும். நெகிழிப் பஞ்சினால் அது இயலாது. ஒன்றிரண்டுக்கு மேல் முற்றவிட்டால் கொடி காய்ப்பதைக் குறைத்துக் கொள்ளும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அந்நாருக்குத் துணை பூந்திக்கொட்டை. கன்னடத்தில் இதனை அண்டுவாளகாயி என்பர். கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை இரவு ஊறவைத்து, மறுநாள் கால்மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால், பட்டுப்புடவையும் பாத்திரமும் கழுவும் நுரைநீர் ஆயத்தம். சபோனின் என்னும் பொருளால் நுரை எழுகிறது. இந்நீர் நான்கைந்து நாளில் கெட்டுவிடும். கண்ணில் பட்டால் எரியும். மீன்தொட்டியில் விழுந்தால் மீன்கள் மடியும். இயற்கைப் பொருள் என்பதனாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைக் கொண்டு செய்யும் துப்புரவு நீரும் பெங்களூருவில் வெகுவாகப் பரவியுள்ளது. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு நீர்; மூன்று மாதம் புளிக்கவிட வேண்டும். முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றாவிடில் புட்டி வெடிக்கும். ஆதலால் கண்ணாடிப் புட்டி கூடாது. இதற்குப் பெருமைகள் பல கூறப்படுகின்றன. நமது கணிப்பில் இது மெல்லிய காடியின் குணமுடையது. தரை துடைக்க நீர் கலந்து பயன்படுத்தலாம். கடப்பைக் கல்லும் சலவைக் கல்லும் புளிப்புக்கு அரிக்கப்படும். அத்தகைய தரையில் தெளிக்கலாகாது.

விதை சேமிப்போருக்கு ஒரு சொல். அவரை, தக்காளி ஆகியவை பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதால், தாய்ச்செடியைப் போன்றே பிள்ளையும் அமையும். பீர்க்கும் சுரையும் வண்டு கொணரும் மகரந்தத்தை ஏற்பவை. அண்டை மாடியில் வேறு வகை இருந்தால் கலந்துவிடும். பீர்க்கம்பூ மாலையில் மலர்வது. அந்நேரத்தில் ஆண்பூவின் தூளை நாமே பெண்பூவில் தடவி, மெல்லிய துணியால் கட்டிவிட்டால் வகை கெடாது. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையின் அடுத்த தலைமுறை தாயைப் போல் இராது. அதனைச் சேமிப்பது வீண். நன்கு உலர்ந்த விதையைச் சாம்பலில் புரட்டி, காகித உறையில் இட்டு, பெயரும் மாதமும் எழுதி வைப்பது வழக்கம்.

அரசுப் பணியில் இருப்போருக்கு மாற்றல் ஆணை எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. தொட்டிகளை லாரியில் ஏற்ற இயலாது. அவை அண்டை வீட்டாருக்கே. உறைகள் மட்டும் பெட்டியில் ஏறும். நாம் இவ்வூருக்கு வந்தபோது அவ்வாறு கொணர்ந்தவை மூன்று உறைகள்: கொத்தவரை, மிளகு தக்காளி, பீர்க்கு. பீர்க்கு விதையில் பாதியைக் கன்னட அம்மையாருக்கு அளித்தோம். அவர் பதிலுக்கு நாட்டு அவரை விதை தந்தார். நாம் பிதுக்கம் பருப்பு என்பதை அவர் ஹிதகித பேளெ என்கிறார். பகல் குறுகிப் பனி இறங்கும் கார்த்திகை, மார்கழியில் பூத்துக் காய்ப்பது அது. நம் பீர்க்கு இப்போது அவர் மாடியில்தான் செழித்திருக்கிறது. அதன் விதையை அவர் பிறருக்கு வழங்கும் உறையின்மேல் கன்னட எழுத்தில் 'தமிழு ஹீரே' என்று எழுதியிருக்கிறார்.