‘காலையிலேயே போட்டுட்டான்!’

ஒரு சனிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தேன். மறுநாள் அக்கா மகளுக்குக் காதணி விழா. பூமாலைக்கு முன்பணம் கட்ட வேண்டும். காரைப் பின்வரிசையில் நிறுத்திவிட்டுக் கடைகளின் அஞ்சடி வழியாக நடந்தேன்.

பூட்டியிருந்த ஒரு கடையின் முன்னால் ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். சட்டை முழுக்க வியர்வை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஏதோ சொன்னார். நாக்குக் குழறியது. ஒரு சொல்லும் புரியவில்லை.

எனக்கு முன்னால் போன இரண்டு இளைஞர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: “காலையிலேயே போட்டுட்டான் பாரு!”

நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதை அப்படியே நம்பினேன். கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, அஞ்சடியிலிருந்து இறங்கி, சாலை ஓரமாக நடந்து அவரைக் கடந்தேன். அவர் தூக்கிய கை எனக்காகத்தான் என்பது தெரிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

பூக்கடையில் பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது, பக்கத்தில் நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார மக்சிக் ஒருவர் அந்த மனிதரின் அருகில் குந்தியிருந்தார். கையில் சூடு ஆற்றிய தே ஓ. “அங்கிள், அடா கென்சிங் மானிஸ்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இனிப்பு நீர் இருக்கிறதா என்ற கேள்வி. அவர் தலையை ஆட்டினார். மக்சிக் இன்னும் இரண்டு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்.

கால் மணி நேரத்தில் அந்த மனிதர் தெளிவாகப் பேச ஆரம்பித்தார்.

அவர் ஓர் அடுக்குமாடி வீட்டுப் பாதுகாவலர். பன்னிரண்டு மணி நேர இரவு வேலை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று நினைத்து, காலை மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டார். பேருந்து தாமதமானது. அவ்வளவுதான் நடந்தது. அவர் கழுத்தில் வேலை அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நான் கடந்து போனபோதும் அது அங்கேதான் தொங்கியிருக்கும். என் கண்ணில் படவில்லை.

“மூணு நாலு பேருகிட்ட கைய காட்டினேம்மா. சீனி வேணும்னு சொல்லப் பார்த்தேன், வாய் வரல. குடிச்சிருக்கேன்னு நெனச்சிட்டாங்க போல. நான் அந்தப் பக்கமே போனதில்லம்மா” என்றார்.

அந்த மூன்று நான்கு பேரில் நானும் ஒருத்தி என்பது அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

மக்சிக்கிடம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். “என் வீட்டுக்காரருக்கும் இப்படி வரும். கேட்டுப் பார்த்தால் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?” என்று சொல்லிவிட்டு, அடுத்த பொட்டலத்தை மடிக்கப் போய்விட்டார்.

குடிபோல் தெரியும், குடி அல்ல

இனிப்பு நீருக்கு இன்சுலின் போடுபவர்கள், சிலவகை மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை வேகமாகக் குறையும். அளவு 4-க்குக் கீழே இறங்கும்போது உடம்பு எச்சரிக்கை கொடுக்கும். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இன்னும் குறைந்தால் மூளைக்குப் போதிய சர்க்கரை கிடைக்காது. பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், சிலர் காரணமில்லாமல் கோபப்படுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அப்படியே போதையாகத் தெரியும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம், உயிரே போகலாம்.

பக்கவாதத்திலும் பேச்சுக் குழறும், நடை தடுமாறும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். “தூங்கி எழுந்தால் தெளிஞ்சிடும்” என்று நாம் ஒருவரை விட்டுவிட்டுப் போகும் நேரம், அவர் சிகிச்சைக்கான நேரம்.

இந்த நாட்டில் இது அபூர்வமான நோயும் இல்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். நம் வீடுகளில் மாத்திரைப் பெட்டி இல்லாத அலமாரி எத்தனை? எங்கள் வீட்டில் அப்பா, பெரியம்மா இருவரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். இருந்தும், தெருவில் ஒரு தமிழர் தள்ளாடினால் என் மனத்தில் முதலில் வந்தது இனிப்பு நீர் அல்ல, பாட்டில்.

ஒரே ஆள், இரண்டு பார்வை

பட்டப்படிப்பில் படித்த ஓர் ஆய்வு அன்றிரவு நினைவுக்கு வந்தது. 1969-இல் வெளியான அந்த ஆய்வை நியூயார்க் சுரங்க ரயிலில் நடத்தினார்கள். ஓடும் ரயிலில் ஒருவர் திடீரென்று கீழே விழுவார். சில தடவை கையில் ஊன்றுகோல் இருக்கும். சில தடவை சாராய வாடையும், காகிதப் பையில் சுற்றிய பாட்டிலும் இருக்கும். உடுப்பு ஒன்றுதான், விழும் விதமும் ஒன்றுதான். விழுபவரும் அதே குழுவைச் சேர்ந்தவர்தான்.

ஊன்றுகோலுடன் விழுந்த 65 தடவையில் 62 தடவை பயணிகள் தாமாகவே ஓடி வந்து தூக்கினார்கள். பாட்டிலுடன் விழுந்த 38 தடவையில், அப்படி வந்தது 19 தடவைதான். விழுந்தவர் மீதான மதிப்பீடு மாறியவுடன் உதவி பாதியாகிவிட்டது.

பரீட்சைக்காக அந்த எண்களை மனப்பாடம் செய்தவள் நான். அஞ்சடியில் அவை எனக்கு உதவவில்லை.

நம்மிடம் அந்தச் சந்தேகம் இன்னும் கொஞ்சம் ஆழமாக வேரோடியிருக்கிறது. தோட்டங்களில் கோயில் ஒரு பக்கம், கள்ளுக்கடை மறுபக்கம் என்றிருந்த காலத்தைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். சம்பள நாளில் கூலி எந்தப் பக்கம் போனது என்பதும் தெரியும். அதை எதிர்த்துப் போராடியதும் நம் தொழிலாளர்கள்தான். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள். குடி நம் குடும்பங்களைச் சிதைத்தது உண்மை. இன்றும் சில வீடுகளைச் சிதைக்கிறது. ஆனால் அந்த வேதனையிலிருந்து நாம் ஒரு கெட்ட பழக்கத்தையும் கற்றுக்கொண்டோம். நம்மவர் ஒருவர் தெருவில் விழுந்தால், காரணத்தை விசாரிக்காமலே எழுதிவிடுகிறோம். மற்றவர்கள் நம்மைப் பற்றி அப்படிப் பேசினால் கொதிக்கிறோம். நாமே சொல்லும்போது சிரிக்கிறோம், கைப்பேசியில் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்புகிறோம்.

அந்த அழைப்பு

திங்கட்கிழமை நிகழ்ச்சியில் நடந்ததை அப்படியே சொன்னேன், நான் ஒதுங்கிப் போனதையும் சேர்த்து. தொலைபேசி ஓயவில்லை. நடுக்குவாதத்தால் தள்ளாடி நடக்கும் அப்பாவைக் கடையில் உட்கார விடவில்லை என்றார் ஒரு மகள். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுத் தெளிவில்லாத தம் கணவரை டாக்சியில் ஏற்ற மறுத்ததைச் சொன்னார் ஓர் அம்மா. எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: “அவர் குடிகாரர் இல்லைங்க.”

கடைசியாக ஒரு பெண் பேசினார்.

“அக்கா, நீங்க வருத்தப்படுறீங்க. சரி. அவர் குடிக்காதவர்னு தெரிஞ்சதாலதானே வருத்தப்படுறீங்க? எங்க அப்பா குடிப்பாரு. நான் மறைக்கல. ஒருநாள் பஸ் நிறுத்தத்துல விழுந்து தலையில அடி. வாடை அடிச்சதால தூங்குறாருன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரியும். மூளையில இரத்தம் கசிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. மூணாவது நாள் போயிட்டாரு. குடிச்சிருந்தா மனுசன் இல்லையாக்கா?”

வானொலியில் மூன்று நொடி அமைதியே பெரிய தவறு. அன்று அதைவிட அதிக நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

அவர் கேட்டது சரி. குடித்தாரா இல்லையா என்று கண்டுபிடித்த பிறகு உதவுவது என்று நாம் வைத்திருக்கும் வரிசையே தவறு. மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால், கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்து இரத்தத்துக்கு அனுப்புவது தடைபடும். இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவருக்கு இது இன்னும் ஆபத்து. ஆகவே வாடை அடித்தாலும் அவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம். தம் குடும்பத்துக்கு அவர் என்ன செய்தார் என்ற கணக்கை அஞ்சடியில் வைத்துத் தீர்க்க வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியது

பயமாக இருந்தால், முக்கியமாகத் தனியாகப் போகும் பெண்கள், நெருங்க வேண்டாம். சற்றுத் தள்ளி நின்றே “ஐயா, உடம்பு சரியில்லையா? இனிப்பு நீர் இருக்கா?” என்று கேட்கலாம். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடலாம். 999-ஐ அழைக்கலாம்.

நினைவோடு இருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்தோ, அரை டம்ளர் பழச்சாறோ கொடுக்கலாம். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வைக்க வேண்டும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடன் இருங்கள். முகம் கோணியிருந்தாலோ, ஒரு கை தூக்க முடியாவிட்டாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். எதுவும் கொடுக்காமல் உடனே 999.

இப்போது என் கைப்பையில் சில சீனிப் பொட்டலங்கள் எப்போதும் இருக்கின்றன. போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் சுருண்டு கிடந்தார். வாடை தூக்கியது. பக்கத்தில் நின்ற பாதுகாவலரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், “அண்ணே, அடிபட்டிருக்கா? இனிப்பு நீர் இருக்கா?” என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, என்னை இரண்டு கெட்ட வார்த்தையில் திட்டினார். அவர் நண்பர் வந்து கூட்டிப்போகும்வரை அங்கேயே நின்றோம். அவருக்கு உண்மையிலேயே போதைதான்.

திட்டு வாங்கியதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.