புறாத்தீவில் ஒரு பகல்

திருகோணமலை நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது புறாத்தீவு. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டும் இத்தீவு 2003இல் தேசியப் பூங்கா ஆனது. கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரை படகில் போய்வர ஏற்ற காலம்.

கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரிலேயே பவளப்பாறையும், அதைச் சுற்றி மேயும் வண்ண மீன்களும் தெரியும். பவளம் உயிருள்ளது, மிதித்தால் ஒடியும், மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் மிதந்தபடியே பாருங்கள். கரையில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் பவளத் துண்டுகளையும் பொறுக்கி வராதீர்கள்.

கட்டுச்சோற்றை நிலாவெளிக்குத் திரும்பி வந்து, மரநிழலில் அவிழ்த்துச் சாப்பிடுங்கள். தீவில் ஒரு பொலித்தீன் பை கூட விட்டு வராதீர்கள்!